அப்பாவின் காதில் சொன்ன படம்

என் அப்பா வாழ்நாளில் பார்த்தது ஒரே ஒரு இங்கிலீஷ் படம். அதை அவர் காதில் தமிழில் சொன்னது நான். தப்பாகச் சொன்னேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை, தெரிந்தேதான் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. அந்த வயதில் எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மைசூரில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், ஆறுக்கும் சேர்த்து ஒரு குழாய். அதில் ஒன்று எங்களுடையது. அப்பா ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். அம்மா வீட்டிலேயே பலகை போட்டு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். இருவருக்கும் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிப் பக்கம். கல்யாணமான கையோடு இங்கே வந்துவிட்டார்கள். பக்கத்திலேயே கொள்ளேகால் இருக்க, ஏன் மைசூர் வரைக்கும் வந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர் என்பது அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் பாதியில் வந்துவிட்டார் என்றால் வீட்டில் ஒரே பதில்தான். வயிற்றுவலி. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்து, அதையே மூன்று வேளையும் ஊற்றித் தின்கிற மனிதருக்கு எங்கிருந்து வந்தது வயிற்றுவலி என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் சொன்னால் அதுதான் உண்மை என்று வளர்ந்தவள் நான். அப்பாவும் அப்படித்தான் என்னை நம்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கண்ணு, மார்க்கெட்டுக்கிட்ட ஒரு இங்கிலீஷ் படம் போட்டுருக்கறான். பட்டாளத்துப் படம். ஆபீசருங்க அஞ்சு பேரு வரிசையா நிக்கறாங்கொ. கீழ ஒருத்தன் செத்துக் கெடக்கறான். கொன்னது யாருன்னு கண்டுபுடிக்கற படமாட்ட இருக்குது. நீ வந்து அர்த்தம் சொல்றயா?"

அம்மாவின் கை பலகையிலேயே நின்றுவிட்டது. "தமிழ்ப் படத்துக்குக் கூப்புட்டாவே தலவலிங்கற மனுசன். இன்னைக்கு மழதான் வரப்போவுது" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்பா அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போனோம். ஞாயிறு என்றால் விடுதியில் விசேஷச் சாப்பாடு. அந்த நாளில் அப்பா லீவு எடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். கல்லூரிப் பெண் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவது எனக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்த முகம் எதுவும் எதிரே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

படத்தில் ஒரே பனி. எந்த நாடு, எந்தச் சண்டை என்று எனக்கு முதல் கால் மணி நேரம் பிடிபடவில்லை. ஒரு பழைய பள்ளிக்கூடத்தைப் பிடித்துப் பட்டாளத்து ஆபீசாக வைத்திருக்கிறார்கள். தூரத்தில் குண்டு விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு விடியற்காலை, சுவர் முழுக்க வரைபடம் மாட்டிய அறையில் கர்னல் சுடப்பட்டுக் கிடக்கிறார். அவரைக் கொல்ல ஐந்து அதிகாரிகளுக்குக் காரணம் இருக்கிறது. ஒருவனைக் கர்னல் எல்லோர் முன்னாலும் கோழை என்று திட்டியிருக்கிறார், இன்னொருவனின் பதவி உயர்வைத் தடுத்திருக்கிறார், இப்படி. ஆனால் பிணத்தை முதலில் பார்த்தவன் அதிகாரி இல்லை. கர்னலுக்குத் தேநீர் கொண்டுபோன ஆர்டர்லி, சாதாரண சிப்பாய். பழியை அவன் மேல் போட்டு அவனைத்தான் முதலில் பிடித்து அடைக்கிறார்கள். தலைநகரத்திலிருந்து ஓயாமல் இருமுகிற ஓர் அதிகாரி விசாரிக்க வருகிறார். மூன்று நாளில் பெரிய தாக்குதல் ஆரம்பிக்கப் போகிறது, அதற்குள் அவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த நடிகர்கள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவதுபோல் பேசினார்கள். கல்லூரியில் நான் கற்றது காகிதத்து இங்கிலீஷ். பத்து வார்த்தைக்கு நாலு காதில் விழும். மீதியை முகத்தைப் பார்த்து நானே இட்டுக்கட்டினேன். "அவன் என்ன சொல்றான் கண்ணு?" என்று அப்பா கேட்கும்போது தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கிலீஷ் படிக்கிற மகள் ஆயிற்றே. அவர் தலையை என் பக்கம் சாய்த்துக் காதை என் வாயருகில் கொடுத்துவிட்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பின்சீட்டு ஆசாமி ஒருவர், "ஸ்வல்ப சும்னிரம்மா, நாவூ பிக்சர் நோட்பேக்கு" என்று கன்னடத்தில் அதட்டினார். கொஞ்சம் சும்மா இரு, நாங்களும் படம் பார்க்க வேண்டாமா என்று. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பத்து நிமிஷம் போயிருக்காது, அதே ஆள் முன்னால் குனிந்து, "ஏன் ஹேள்தா அவனு?" என்றார். அவன் என்ன சொன்னான் என்று என்னிடமே அர்த்தம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அந்த ஆர்டர்லி தேநீர்க் கோப்பையோடு கதவைத் தள்ளுகிற இடத்தில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தவர், இடைவேளை வரை விடவில்லை.

இடைவேளையில் வெளியே வந்து டீ வாங்கினோம். அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"நானும் டீ கொண்டுட்டுத்தாங் கண்ணு போனேன்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷத்தில், பாப்கார்ன் மிஷின் இரைச்சலுக்கு நடுவே, இருபத்து நாலு வருஷமாக வயிற்றுவலி என்ற பெயரில் வீட்டில் இருந்ததை அவர் எனக்குச் சொன்னார். எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த சண்டையின்போது அவர் எல்லையோரத்து முகாமில் ஒரு மேஜருக்கு ஆர்டர்லி. விடிகிற நேரம். டீ எடுத்துக்கொண்டு போகிறார். மேஜரின் கூடாரத்திலிருந்து ஒரு கேப்டன் வெளியே வருகிறார்.

"என்னப் பாத்துட்டாரு. கிட்ட வந்து, நீ யாரையும் பாக்கல, உன்னைய நான் பாத்துக்கறேன்னாரு. உள்ள போனா மேஜரு கட்டல்ல கெடக்கறாரு. அவரு துப்பாக்கியே கீழ கெடக்குது. விசாரிச்சாங்கொ. ஆபீசருங்க மூணு பேர விசாரிச்சாங்கொ, என்னையும் விசாரிச்சாங்கொ. யாரையும் பாக்கலீங்க சாப்னு சொன்னேன். யாருமே போகலைன்னா, அப்பறம் உள்ள போனது நான் மட்டுந்தான?"

"ஏம்ப்பா சொல்லல நீங்க?"

"ஆபீசர் சொன்னாச் செய்யோணும். பட்டாளத்துல அதுக்குத்தான் சோறு போடறாங்கொ."

அப்பா சுட்டார் என்று நிரூபிக்க முடியவில்லை. சுடவில்லை என்று விடவும் அவர்களுக்கு மனசில்லை. சேவை இனித் தேவையில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டார்கள். கேப்டனுக்குச் சொந்த ஊர் மைசூர். எங்கள் ஊருக்கு வா, ஒரு வழி பண்ணுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அப்பா இந்த ஊருக்கு வந்தார். கேப்டன் வடக்கே எங்கெங்கோ மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார். அப்பா கரண்டியைப் பிடித்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

மணி அடித்தது. ஆறிப்போன டீயைக் கீழே கொட்டிவிட்டு, "வா, அந்த ஆளு என்ன ஆவறான்னு பாக்கலாம்" என்றார். கோர்ட்டில் தீர்ப்புக் கேட்கப் போகிற மாதிரிதான் அவர் உள்ளே போனார்.

இரண்டாம் பாதியில் எல்லாம் பேச்சிலேயே நடந்தது. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. இருமுகிற அதிகாரி கண்டுபிடித்துவிடுகிறார். கொன்றது ஐந்து பேரில் அழகாக இருக்கிற கேப்டன். அறிக்கையை எடுத்துக்கொண்டு தளபதியிடம் போகிறார். அதுவரை அரைகுறையாகப் புரிந்த எனக்கு, தளபதி பேசியது மட்டும் சொல் சொல்லாகப் புரிந்தது. அந்தக் கிழவர் நிறுத்தி நிதானமாகப் பேசினார். நாளைக்குத் தாக்குதல். இந்தக் கேப்டன் இல்லாமல் என்னால் அதை நடத்த முடியாது. ஒரு அதிகாரி கொலைகாரன் என்று தெரிந்தால் என் ஆட்கள் எந்த அதிகாரியின் பின்னாலும் போகமாட்டார்கள். ஒரு சிப்பாய் செத்தால் எதுவும் குறையாது. அறிக்கையை வாங்கி அடுப்பில் போட்டார்.

அப்பா என் தோளைத் தட்டினார். "என்னங்கறாரு? என்னங்கறாரு கண்ணு?"

திரையில் காகிதம் எரிந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளைகூட அப்படிப் பார்த்ததில்லை.

"கேப்டன் ஒத்துக்கிட்டாராம்ப்பா" என்றேன். "மனசாட்சி உறுத்திருச்சாம். அவரே வந்து தளபதிகிட்டச் சொல்லிட்டாராம். இந்த ஆளு மேல எழுதுன பொய்க்கேசத்தான் எரிக்கறாங்க."

ஆர்டர்லியை இரண்டு சிப்பாய்கள் முற்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். கதவு மூடிக்கொண்டது. "வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றேன். வெளியே துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. இருமுகிற அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "சண்டை ஆரம்பிச்சிருச்சு" என்றேன். கேப்டன் இரண்டு சிப்பாய்கள் நடுவே ஜீப்பில் ஏறிப் போர்முனைக்குப் போனான். "ஜெயிலுக்குக் கொண்டுபோறாங்க" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. பின்சீட்டு ஆசாமி நல்லவேளையாக இடைவேளையிலேயே எழுந்து போயிருந்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டைத் திறக்கமுடியாமல் அப்பா குனிந்தே நின்றார். அழுதுகொண்டிருந்தார். "உட்டுட்டாங்களா நெசமா?" என்று இரண்டு முறை கேட்டார். "உட்டுட்டாங்கப்பா, பேரையும் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று இரண்டு முறையும் சொன்னேன். அவர் அழுதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுகிற எதற்கும் அர்த்தமில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன புத்தகத்தை எடுத்தார். பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற புத்தகம். சேர்ந்தது, போன இடங்கள், வாங்கிய பதக்கம், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த ஒரு வரி. அதைக் காட்டாமல் எந்த அரசாங்க வேலைக்கும் போகமுடியாது. காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் எங்கேயும் போனதில்லை. பட்டாளத்தில் இருந்தவர்கள் சங்கம் கூடுகிற பக்கம்கூடச் சைக்கிளைத் திருப்பமாட்டார்.

"இந்த வரிய அடிக்கோணும்" என்றார். "காசு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இதைய மட்டும் அடிச்சுக் குடுத்தாப் போதும். நீ இங்கிலீசுல எழுது."

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் படத்தின் முடிவு தெரியாது, ஆனால் நான் எதையோ மறைக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. "நல்லா ரோசன பண்ணி எழுதுடி" என்று மட்டும் சொன்னாள். நான் நான்கு நாள் உட்கார்ந்து மனு எழுதினேன். கேப்டன் பெயரையும், அந்த விடியற்காலையையும், அவர் சொன்ன வார்த்தையையும் அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பட்டாளத்துத் தலைமை ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

கேப்டன் கர்னலாகி ஓய்வு பெற்று, இரண்டு வருஷத்துக்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார். சாமுண்டி மலைக்குப் போகிற பக்கம் புதிதாக வீடு. அப்பாவுக்கு அது தெரியும். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறாராம். ஒருமுறைகூட நின்றதில்லை.

"இப்பப் போலாம்" என்றார். "நேர்ல போயிக் கேட்டா அவரும் ஒத்துக்குவாரு. அந்தப் படத்துல அந்தக் கேப்டன் ஒத்துக்கலையா? மனுசன்தான அவரும்?"

நான் உருவாக்கிய கேப்டனை நம்பி அவர் நிஜக் கேப்டனைப் பார்க்கக் கிளம்பினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பரீட்சை இருக்கிறது என்றேன், தலைவலி என்றேன். நீ வராவிட்டால் நான் மட்டும் போகிறேன் என்றார். அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

அந்த வீட்டில் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அப்பா உட்காரவில்லை. குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கர்னல் வெள்ளை மீசை, பூப்போட்ட சட்டை, கையில் செடி வெட்டுகிற கத்தரி. அப்பாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அடே, நீயா! உயிரோடுதான் இருக்கிறாயா?" என்று இந்தியில் கேட்டுத் தோளைத் தட்டினார். என்னிடம் கன்னடத்தில் எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று விசாரித்தார். கெட்டவராகத் தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் இருவருக்கும் தன் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா இந்தியில் பேசினார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், அந்த மொழியில் வாக்கியத்துக்கு வாக்கியம் தெளிவாகப் பேசினார். மனு போட்டிருப்பதைச் சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும் சாப் என்றார். பிறகு படத்தைப் பற்றிச் சொன்னார். பனி, பள்ளிக்கூடம், கர்னல், டீ, ஐந்து அதிகாரிகள். கடைசியில் கேப்டனே வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறான் சாப், ஆர்டர்லியை விட்டுவிடுகிறார்கள்.

கர்னல் புருவத்தைச் சுருக்கினார்.

"அந்தப் படமா? கிளப்பில் போட்டார்கள், நான் பார்த்தேனே. அதில் ஆர்டர்லியைச் சுட்டுவிடுகிறார்களே. தளபதி அறிக்கையை எரித்துவிடுகிறார். கேப்டன் சண்டைக்குப் போய்விடுகிறான். உனக்கு யார் இப்படிச் சொன்னது?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியாத மாதிரிப் பார்த்தார்.

கர்னலுக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அப்பாவிடம், "பழையதைக் கிளறாதே. உனக்கு நல்ல மகள் இருக்கிறாள். சந்தோஷமாக இரு" என்றார். அந்த விடியற்காலையைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்தான் சுட்டாரா, இல்லை அவரும் பிணத்தைப் பார்த்துப் பயந்து வெளியே வந்தவரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா மறுபடி ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார்.

சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். வீட்டுக்குப் பாதி தூரத்தில் சைக்கிளை நிறுத்தினார்.

"உட்டுட்டாங்கன்னு சொன்னயே."

"நீங்க அழுவீங்கன்னுதாம்ப்பா..."

"அழுதா அழுதுட்டுப் போறேன். அழுக எனக்கென்ன புதுசா? அவனச் சுட்டாங்கன்னு நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் வாய மூடிட்டு வூட்டுக்கு வந்துருப்பேன். இந்தாளு வாசல்ல போயி நின்னுருக்கமாட்டேன்."

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவே இல்லை. சாப்பாடு போட்டார், சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரச் சொன்னார், மழைக்காலத்தில் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். ஆனால் நான் சொன்ன எதையும் நம்பவில்லை. பஸ் இல்லை என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மணி என்ன என்று கேட்டு நான் சொன்னால், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார். வேண்டுமென்று செய்யவில்லை. அவரை அறியாமலே செய்தார், அதுதான் என்னைக் கொன்றது.

நான்கு மாதம் கழித்துப் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. நான் வாசலில் நின்றே படித்தேன். மனு பரிசீலிக்கப்பட்டது, பழைய விசாரணைக் காகிதங்கள் கிடைத்திருக்கின்றன, மனுதாரர் விடுவிப்புப் புத்தகத்தோடு பெங்களூர் அலுவலகத்தில் இன்ன தேதியில் நேரில் வந்து வாக்குமூலம் தரவேண்டும். அப்படித்தான் இருந்தது, வார்த்தைக்கு வார்த்தை. அப்பா விடுதியிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் என் தலையில் கை வைத்தார்.

"எனக்காகச் சொல்ற. தெரியுது கண்ணு. போதும்."

"அப்பா, சத்தியமா இது நெசம். சீல் பாருங்க, கையெழுத்துப் பாருங்க."

"சீலுக்கென்ன. வேண்டாம்னு எழுதறதுக்கும் அதே சீலுதான் வெப்பாங்கொ."

வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று கெஞ்சினேன். தெருமுனை பேங்கில் காட்டலாம், விடுதி வார்டனிடம் காட்டலாம். அதுதான் முடியாத காரியம். பட்டாளத்திலிருந்து துரத்திவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோகும். வயிற்றுவலிக்காரராகவே இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவர் அவர். அவர் ரகசியம் தெரிந்து, இங்கிலீஷும் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியின் வாக்குச் செல்லாமல் போய்விட்டது.

அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். "புள்ள பொய் சொல்லல. மூஞ்சியப் பாத்தாத் தெரியலயா? ஒருக்காப் போயிட்டுத்தான் வாங்களேன்." அப்பா, "நீயும் அவகூடச் சேந்துட்டயா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். வகுப்புத் தோழி ஒருத்தியை, வெளியே சொல்லமாட்டாள் என்று நம்பி, வீட்டுக்குக் கூட்டிவந்து கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். அவள் கன்னடத்தில் அப்பாவுக்கு அழகாக விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டார், அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார், தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். வந்து என்னிடம், "நல்லாச் சொல்லிக் குடுத்துருக்கற. ஆனா என்ற மானத்த எதுக்கு அவகிட்ட வித்த?" என்றார்.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் சலவைச் சட்டையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன், புத்தகத்தையும் வைத்தேன். மறுநாள் காலை அவர் இரண்டையும் நகர்த்திவைத்துவிட்டு வழக்கம்போல் விடுதிக்குக் கிளம்பினார். பெங்களூர் ரயில் போகிற நேரத்துக்கு அவர் அங்கே நூற்றைம்பது பேருக்குச் சாம்பாருக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்திருப்பார். நான் கல்லூரிக்குப் போகவில்லை. கட்டிலில் அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை படுத்துக் கிடந்தேன்.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. நான்கே வரி. அப்பா அன்று வீட்டில்தான் இருந்தார். தபால்காரரிடமிருந்து அவரே வாங்கி, பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். "படி" என்றார். நம்பாதவர் ஏன் என்னைப் படிக்கச் சொன்னார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேறு யார் இருந்தார்கள் அவருக்கு?

குறிப்பிட்ட தேதியில் மனுதாரர் நேரில் வராததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது, இனி இது குறித்து எந்த மனுவும் ஏற்கப்படாது என்று இருந்தது. முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இதை அப்படியே படித்தால், முதல் கடிதம் உண்மை என்று அவருக்குத் தெரிந்துபோகும். கதவு திறந்திருந்ததும், தானே போகாமல் விட்டதும் தெரிந்துபோகும். மீதி ஆயுளுக்கும் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"மனுவத் தள்ளிட்டாங்கப்பா" என்றேன். "ஆதாரம் இல்லையாம். அவ்வளவுதான் எழுதியிருக்குது."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், பழைய மாதிரி என் கன்னத்தைத் தட்டினார்.

"பாத்தயா? இப்பத்தாங் கண்ணு நீ நெசத்தச் சொல்ற" என்றார்.